மோடம் சொல்வதைக் காதில் வாங்குங்கள்

சென்னை கே.கே. நகரில் பழைய வீட்டுவசதி வாரியக் குடியிருப்பானாலும் சரி, நேற்றுக் கட்டி முடித்த நாலு மாடி அடுக்ககமானாலும் சரி, விடிகாலையில் யாராவது ஒருவர் டார்ச்சுடன் போய் சம்ப் மூடியைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும். மெட்ரோ வாட்டர் ஏறியிருந்தால் மோட்டார் போடலாம். இல்லையென்றால் லாரிக்குச் சொல்லியாக வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிப்போனதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல.

தூக்கிப் பார்க்கும் இந்த வேலையை ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு, சிம் போட்ட ஒரு மோடம் மூன்றும் சேர்ந்து செய்துவிடும். தண்ணீர் ஏறினால் செக்ரட்டரிக்கும் வாட்ச்மேனுக்கும் எஸ்எம்எஸ் போகும். சாமான் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்; சிம்800எல் என்ற 2ஜி மோடம் சில நூறு ரூபாய்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் வீட்டிலிருந்தபடியே மிஸ்டு கால் கொடுத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டுகிறார்களே, அந்த மொபைல் ஸ்டார்ட்டருக்குள்ளும் இதே வகை மோடம்தான். டீக்கடையில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ், பஸ்ஸிலும் டாக்ஸியிலும் பொருத்தும் ஜிபிஎஸ் டிராக்கர், கடையில் கார்டு தேய்க்கும் மெஷின் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு மோடம் உட்கார்ந்திருக்கிறது.

இப்படிச் செய்து பார்ப்பவர்களின் அனுபவம் பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும். மேஜைமேல் வைத்தபோது அருமையாக ஓடியது, மோட்டார் ரூமில் மாட்டியதும் சில நாளில் படுத்துவிட்டது. மோடத்தை மாற்றுவார்கள், சிம்மை மாற்றுவார்கள். குறை பெரும்பாலும் நிரலில்தான் இருக்கும். கட்டளைகளை வரிசையாக அனுப்பிக்கொண்டே போகும் நிரல், மோடம் திருப்பிச் சொன்னதைக் காதில் வாங்கியிருக்காது.

மோடத்தோடு பேசும் மொழி 1981இல் வந்தது. ஹேய்ஸ் கம்பெனியை நடத்திய டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் ‘ஸ்மார்ட்மோடம்’ என்ற ஒன்றை வெளியிட்டார்கள். வேகம் நொடிக்கு 300 பிட். அதுவரை நம்பரைப் போனில் கையால் சுழற்றிவிட்டு, ரிசீவரை ஒரு ரப்பர்க் குழிவில் கவிழ்த்து வைக்கும் முறையும் புழக்கத்தில் இருந்தது. ஹேய்ஸ் மோடத்துக்கு ‘ஏடி’ என்று தொடங்கும் ஒரு வரியை அனுப்பினால் போதும், தானே டயல் செய்யும். ஏடிடிடி என்றால் டோன் டயல், ஏடிடிபி என்றால் பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கான பல்ஸ் டயல், ஏடிஎச் என்றால் போனை வை. (கட்டளைகளை இங்கே ஒலிப்பாக எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) மோடம் பதிலாக ஓகே, கனெக்ட், பிஸி, நோ கேரியர், எரர் என்று நாமும் படிக்கக்கூடிய சொற்களையே அனுப்பும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இன்டர்நெட் மெட்ராசுக்கு வந்தபோது சந்தா வாங்கியவர்களுக்கு இந்தச் சொற்கள் மனப்பாடம். அதிலும் ‘பிஸி’ என்பதை மறக்கவே முடியாது. ஜிஎஸ்எம் வந்தபோது எஸ்எம்எஸ்ஸுக்கும் சிக்னலுக்கும் புதுக் கட்டளைகளைச் சேர்த்தார்களே தவிர, தலையில் இருந்த ‘ஏடி’யை யாரும் எடுக்கவில்லை.

வயரிங் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போர்டின் டிஎக்ஸ் மோடத்தின் ஆர்எக்ஸுக்கும், மோடத்தின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கும் போக வேண்டும். கிரவுண்ட் இரண்டுக்கும் பொது. ஒவ்வொரு எழுத்தும் 8 பிட். முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு நிறுத்த பிட். ஆக ஓர் எழுத்துக்கு 10 பிட். 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து, அதாவது சுமார் ஒரு மில்லி செகண்டுக்கு ஓர் எழுத்து. இரு பக்கமும் வேகம் ஒத்துப்போகாவிட்டால் திரையில் கிறுக்கலாக ஏதோ வரும். சிம்800எல் நாம் முதலில் அனுப்பும் ‘ஏடி’யைப் பார்த்து வேகத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இருந்தாலும் ஏடி+ஐபிஆர்=9600 கொடுத்து வேகத்தை நிலையாக்கிவிடுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

நிரல் எழுதுமுன் ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டரைப் போட்டு லேப்டாப்பில் புட்டி போன்ற டெர்மினலைத் திறந்து கையாலேயே மோடத்தோடு பேசிப் பாருங்கள். ஏடி+சிஎஸ்கியூ என்று தட்டி என்டர் கொடுத்தால் திரையில் இப்படி வரும்:

ஏடி+சிஎஸ்கியூ
+சிஎஸ்கியூ: 14,0

ஓகே

முதல் வரி நாம் தட்டியதேதான்; மோடம் அதை எதிரொலிக்கிறது. இரண்டாவது வரிதான் கேட்ட தகவல். சிக்னல் 0 முதல் 31 வரையான அளவில் சொல்லப்படும். 14 என்றால் மைனஸ் 85 டிபிஎம். 99 வந்தால் மோடத்துக்கே தெரியவில்லை என்று பொருள். பத்துக்குக் கீழே போனால் மோட்டார் ரூமிலிருந்து ஆன்டெனா வயரை வெளியே இழுக்க வேண்டியிருக்கும். கடைசி வரியான ஓகே, ‘இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்ததைக் கேள்’ என்பதற்கான முடிவுச் சொல். கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 13, 10 என்ற இரண்டு குறியீடுகள் இருக்கும். வரி முடிந்ததை அவற்றை வைத்துத்தான் நிரல் அறிகிறது.

எதிரொலியை ஏடிஇ0 கொடுத்து நிறுத்திவிடலாம். அதன்பின் மோடம் அனுப்புவதில் மூன்று வகைதான் மிஞ்சும். கேட்ட தகவல், முடிவுச் சொல், நாம் கேட்காமலே தானாக வரும் செய்தி. மூன்றாவது வகைதான் ஆளைக் கவிழ்க்கும். யாரோ போன் செய்தால் ‘ரிங்’ என்று வரும். எஸ்எம்எஸ் வந்து சிம்மின் மூன்றாம் இடத்தில் உட்கார்ந்தால் ‘+சிஎம்டிஐ: "எஸ்எம்",3’ என்று வரும். நாம் சிக்னல் கேட்டு அனுப்பிய கட்டளைக்கும் அதன் பதிலுக்கும் நடுவிலேயே இது நுழைந்துவிடும். ‘கேட்டதும் அடுத்து வரும் வரிதான் பதில்’ என்று எழுதிய நிரல், எஸ்எம்எஸ் வந்த செய்தியைச் சிக்னல் அளவாக எடுத்துக்கொண்டு குழம்பும். எஸ்எம்எஸ் வந்ததே யாருக்கும் தெரியாமல் போகும்.

இணையத்தில் சுற்றும் மாதிரி நிரல்கள் பலவற்றில் கட்டளை அனுப்பிவிட்டு ஒரு நொடி சும்மா இருப்பார்கள். பிறகு வந்ததை அள்ளி, அதற்குள் எங்காவது ஓகே இருக்கிறதா என்று தேடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோ போர்டில் வரும் எழுத்துகளைத் தாங்கிப் பிடிக்கும் இடம் 64 எழுத்துக்குத்தான். 9600 வேகத்தில் அது நிரம்ப 70 மில்லி செகண்டுகூட ஆகாது. முழு எஸ்எம்எஸ் ஒன்று 160 எழுத்து. ஒரு நொடி தூங்கி எழுந்தால் மீதி எல்லாம் தரையில் கொட்டிப் போயிருக்கும். மேஜைமேல் சோதிக்கும்போது சின்னச் சின்னப் பதில்களே வருவதால் இது தெரியாது.

சரியான முறை எளிமையானது. நிரலில் ஒரே ஓர் இடம்தான் மோடத்திலிருந்து படிக்க வேண்டும். அது தூங்கவே கூடாது. வரும் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்து, வரி முடிந்ததும் வகை பிரிக்க வேண்டும். ரிங், +சிஎம்டிஐ போன்று தானாக வருபவை தெரிந்தால் ஒரு குறிப்பு எழுதி ஓரமாக வைத்துவிட வேண்டும். முடிவுச் சொல் என்றால் நடப்புக் கட்டளையை முடித்துவிட வேண்டும். மற்றது நடப்புக் கட்டளைக்கான தகவல். அனுப்புகிற பக்கமோ வரிசையில் நிற்கும். முந்தைய கட்டளைக்கு முடிவு வராமல் அடுத்ததை அனுப்பாது. எஸ்எம்எஸ் வந்ததாகக் குறிப்பு இருந்தால், அதைப் படிக்கும் கட்டளையும் அந்த வரிசையின் கடைசியில் போய்ச் சேர வேண்டும். பாதியில் புகக் கூடாது.

இந்த ஏற்பாட்டிலும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது எஸ்எம்எஸ் அனுப்பும்போது. ஏடி+சிஎம்ஜிஎஃப்=1 கொடுத்து எழுத்து முறைக்கு மாறி, ஏடி+சிஎம்ஜிஎஸ்= என்று நம்பரைக் கொடுத்தால் மோடம் ஓகே சொல்லாது. ஒரு ‘>’ குறியும் ஓர் இடைவெளியும் அனுப்பிவிட்டுச் செய்திக்காகக் காத்திருக்கும். அதன் பின்னால் வரி முடிவு கிடையாது. வரியாக மட்டுமே படிக்கத் தெரிந்த நிரல் இங்கே காலத்துக்கும் காத்துக் கிடக்கும். எனவே இந்தக் கட்டளைக்கு மட்டும், வரி முடியாவிட்டாலும் ‘>’ வந்ததா என்று பார்க்க வேண்டும். வந்தபின் செய்தியை அனுப்பி, கன்ட்ரோல்-இசட், அதாவது 26 என்ற குறியீட்டை அனுப்பினால் செய்தி கிளம்பும். மனசு மாறினால் 27, எஸ்கேப்.

‘>’ நிலையில் மோடம் காத்திருக்கும்போது, மோடம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நிரல் ‘ஏடி’ என்று தட்டினால் என்ன ஆகும்? அது கட்டளையாகப் போகாது, செய்தியின் பகுதியாகிவிடும். பத்து முறை தட்டிவிட்டு 26 அனுப்பினால் செக்ரட்டரிக்கு ‘ஏடி ஏடி ஏடி’ என்று எஸ்எம்எஸ் போய்ச் சேரும். குழப்பம் என்று தோன்றினால் முதலில் 27 அனுப்பி இந்த நிலையிலிருந்து வெளியே வந்துவிடுவது நல்லது.

இரண்டாவது பொறி எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீர் வந்த செய்தி பார்த்து வாட்ச்மேன் மரியாதையாக ‘ஓகே’ என்று பதில் எஸ்எம்எஸ் போடுகிறார். நிரல் அதைப் படிக்க ஏடி+சிஎம்ஜிஆர்=3 அனுப்புகிறது. மோடம் அனுப்பியவர் நம்பரும் தேதியும் உள்ள ஒரு வரி கொடுக்கிறது. அடுத்த வரி ஓகே, அது வாட்ச்மேன் எழுதியது. ஒரு வெற்று வரி விட்டு மறுபடி ஓகே, இதுதான் மோடத்துடையது. முதல் ஓகேவிலேயே நிரல் ‘கட்டளை முடிந்தது, செய்தி காலி’ என்று முடிவுகட்டி அடுத்த கட்டளையை அனுப்பிவிடும். உண்மையான ஓகே அந்த அடுத்த கட்டளையின் கணக்கில் விழும். அதன்பின் ஒவ்வொரு பதிலும் ஒரு படி தள்ளியே வந்துகொண்டிருக்கும். நிரல் தவறாக ஓடும், ஆனால் எரர் என்று எதுவும் காட்டாது. மருந்து இரண்டு. ஏடி+சிஎஸ்டிஎச்=1 கொடுத்துவிட்டால் தலைப்பு வரியின் கடைசியில் செய்தியின் நீளமும் வரும், அத்தனை எழுத்தை எண்ணி எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் யூசிஎஸ்2 என்ற குறியீட்டு முறைக்கு மாறினால், செய்தி முழுக்கப் பதினாறடிமான எண்களாக வரும். வாட்ச்மேனின் ஓகே அப்போது 004எஃப்004பி என்று வந்து நிற்கும், மோடத்தின் ஓகேவோடு குழம்பாது.

யூசிஎஸ்2 எப்படியும் தேவைப்படும், தமிழில் செய்தி அனுப்புவதானால். சாதாரண எஸ்எம்எஸ்ஸின் எழுத்துப் பட்டியலில் தமிழ் இல்லை. ஏடி+சிஎஸ்சிஎஸ் கட்டளையில் யூசிஎஸ்2 என்று அமைத்து, ஏடி+சிஎஸ்எம்பி=17,167,0,8 கொடுத்தால் தமிழ் போகும். ஆனால் 160 எழுத்து 70 ஆகிவிடும். அந்த 70ம் நாம் எண்ணும் எழுத்துகள் இல்லை. ‘தண்ணீர்’ நமக்கு நாலு எழுத்து. மோடத்துக்கு புள்ளிகளும் ஈகாரக் குறியும் தனித்தனியாகச் சேர்ந்து ஏழு. ‘த’ என்பதை 0பிஏ4 என்று நாலு குறியாக அனுப்ப வேண்டும். பலர் மறந்துவிடுவது, இந்த முறையில் போன் நம்பரையும் இப்படியே மாற்றித்தான் தர வேண்டும் என்பதை. செய்தியை மட்டும் மாற்றிவிட்டு நம்பரைச் சாதாரணமாக விட்டால் எரர்தான்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் கட்டளைக்குக் கட்டளை மாறும். சிக்னல் கேட்டால் கண் சிமிட்டுவதற்குள் பதில். எஸ்எம்எஸ் அனுப்ப சிம்800 வகை மோடம் 60 நொடிவரை எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. எல்லாவற்றுக்கும் ஐந்து நொடி என்று வைத்தால், மோடம் நெட்வொர்க்கோடு மல்லாடிக்கொண்டிருக்கும்போதே ‘போகவில்லை’ என்று நினைத்து நிரல் மறுபடி அனுப்பும். செக்ரட்டரிக்கு ஒரே செய்தி மூன்று முறை வரும். தண்ணீர் வந்த செய்தி இரண்டு தடவை வந்தால் குடிமுழுகாது. மோட்டாரை ஓட்டும் கட்டளை அப்படி இல்லை. அதனால்தான் ‘ஒரு மிஸ்டு கால் வந்தால் ஆன், இன்னொன்று வந்தால் ஆஃப்’ என்ற ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனுக்கு ஒரு செய்தி, ஆஃபுக்கு ஒரு செய்தி என்று இருந்தால் இரட்டிப்பாக வந்தாலும் கெடுதல் இல்லை. இன்னொன்று, எஸ்எம்எஸ் அனுப்பி ஓகே வந்தால் நெட்வொர்க் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். செக்ரட்டரி போனில் போய் விழுந்ததா என்பது வேறு கதை.

மிஸ்டு கால் வைப்பவர்கள் ஏடி+கிளிப்=1 போட்டுக்கொண்டால் ரிங் வரிக்குப் பின் கூப்பிட்டவர் நம்பரும் வரும். +91 இருக்கலாம், 0 இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். கூப்பிட்டவர் வைத்துவிட்டால் ‘நோ கேரியர்’ என்று ஒரு வரி வரும். நாம் டயல் செய்யும்போது அதுவே முடிவுச் சொல். வந்த கால் கட்டானாலோ தானாக வரும் செய்தி. அந்த நேரத்தில் என்ன கட்டளை நடப்பில் இருக்கிறது என்று தெரிந்த நிரலால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

இனி மோட்டார் ரூம் சமாச்சாரம். 2ஜி மோடம் தொடர்ந்து பேசாது. ஒவ்வொரு 4.6 மில்லி செகண்டிலும் அரை மில்லி செகண்டுக்குச் சற்று மேல் மட்டும் வெடிப்பதுபோல் மின்சாரத்தை இழுக்கும், அப்போது 2 ஆம்பியர்வரை போகும். அந்தக் காலத்தில் போன் வருமுன் பக்கத்திலிருக்கும் ரேடியோ ‘டிக்கிடி டிக்கிடி’ என்று அடிக்குமே, அது இதன் சத்தம்தான். சிம்800எல்லுக்குத் தேவை 3.4 முதல் 4.4 வோல்ட். மெல்லிய வயர், வக்கில்லாத சப்ளை என்றால் அந்த ஒரு கணத்தில் வோல்டேஜ் சரிந்து மோடம் தானே அணைந்து எழும். எழுந்ததும் எதிரொலி மறுபடி ஆன், எழுத்து முறை மறுபடி ஆஃப். நாம் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்பு எல்லாம் போயிருக்கும். வேகத்தை நிலையாக்கச் சொன்னது இதற்காகத்தான். அப்படிச் செய்திருந்தால் மோடம் எழும்போதெல்லாம் ‘ஆர்டிஒய்’ என்று ஒரு வரி அனுப்பும். வேகத்தைத் தானே கண்டுபிடிக்கும் நிலையில் விட்டிருந்தால் அந்த வரி வராது. ஓட்டத்தின் நடுவில் ஆர்டிஒய் வந்தால் நிரல் முதலிலிருந்து எல்லா அமைப்பையும் செய்ய வேண்டும். அது அடிக்கடி வந்தால் சப்ளையை மாற்றி, மோடத்துக்கு ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட வேண்டும்.

எரர் என்று மட்டும் வந்தால் ஒன்றும் புரியாது. ஏடி+சிஎம்இஇ=1 போட்டுவிட்டால் எண்ணோடு வரும். சிஎம்இ எரர் 10 என்றால் சிம்மே இல்லை. 11 என்றால் சிம் பின் கேட்கிறது. சிஎம்எஸ் எரர் 331 என்றால் நெட்வொர்க் இல்லை. நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டதா என்று ஏடி+சிஆர்இஜி? கேட்டால் 0,1 அல்லது 0,5 வர வேண்டும். 0,2 என்றால் தேடிக்கொண்டிருக்கிறது, 0,3 என்றால் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். 2ஜி மோடத்தில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு எத்தனை நேரம் காத்திருந்தாலும் 0,1 வராது. ஜியோவிடம் 2ஜி கிடையாது, 2016இல் அது தொடங்கியதே 4ஜியில். இருக்கும் போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் போடும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

சிஎம்எஸ் எரர் 322 நம் ஊருக்கே உரியது என்று சொல்லத் தோன்றும். செய்தி வைக்கும் இடம் நிரம்பிவிட்டது என்று பொருள். ரீசார்ஜ் ஆஃபர், காலர் டியூன், லோன் வேண்டுமா என்று வந்து குவிந்தவை சிம்மில் இருக்கும் கொஞ்சம் இடத்தையும் அடைத்துவிட்டால், அதன்பின் நமக்கு வேண்டிய எஸ்எம்எஸ் உள்ளே வராது, +சிஎம்டிஐயும் வராது. நிரல் அமைதியாகக் காத்துக்கொண்டிருக்கும், நாம் மோடம் செத்துவிட்டது என்போம். படித்த செய்தியை உடனே ஏடி+சிஎம்ஜிடி கொடுத்து அழித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை ஏடி+சிஎம்ஜிடி=1,4 கொடுத்து மொத்தமாகத் துடைப்பதும் நல்லது. சிம்முக்கு ரீசார்ஜ் தேதியை அசோசியேஷன் கணக்கில் எழுதி வைப்பது நிரலுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை.

புதிதாக வாங்குபவர்கள் ஏ7670, இசி200யூ போன்ற 4ஜி மோடங்களை எடுப்பது நல்லது. விலை கூடும்; 2 ஆம்பியர் வெடிப்புத் தொல்லை 4ஜியில் குறையும். மேலே சொன்ன கட்டளைகளில் பெரும்பாலானவை அப்படியே ஓடும். தானாக வரும் செய்திகளின் சொற்கள்தான் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அவற்றை நிரலில் ஒரே பட்டியலாக வைத்திருந்தால் மாற்றுவது அரை மணி நேர வேலை. மிஸ்டு கால் வேண்டுமென்றால் அந்த மாடல் வோல்ட்இ தாங்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். டேட்டா மட்டும் உள்ள வகைகளும் விற்கிறார்கள்.

பெட்டியைச் சுவரில் அடிக்குமுன், போனதும் வந்ததுமான ஒவ்வொரு வரியையும் நேரத்தோடு ஒரு மெமரி கார்டில் எழுதும்படி செய்துகொள்ளுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஆன்டெனாவைக் கழற்றுங்கள். சப்ளையை அணைத்துச் சிம்மை உருவிவிட்டுப் போடுங்கள். நிரல் எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ‘ஓகே’ என்று செய்தி போடட்டும். கார்டை எடுத்துப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் மோடம் ஏதாவது சொல்லியிருக்கும். சொன்ன ஒவ்வொன்றுக்கும் நிரல் ஏதாவது செய்திருந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.